மின் இணைப்பு இல்லாத இடங்களில் தங்கும் கேரவனுக்கு ஹவுஸ் பேட்டரி தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் கேரவன் கட்டும் எண்ணத்தோடு பேட்டரிக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் “எத்தனை ஏ.எச். போடலாம்?” என்பதுதான். ஏ.எச். என்பது ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு. கடைக்காரரும் 150 என்றோ 200 என்றோ ஒரு விடையைச் சொல்லிவிடுவார். உண்மையில் அது கடைசியாக வர வேண்டிய கேள்வி. ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அதில் எவ்வளவு அன்றன்றே திரும்பி வருகிறது, வரவே இல்லாவிட்டால் எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், பேட்டரியின் அளவு கணக்கிலிருந்து தானாகவே கிடைத்துவிடும். அவை தெரியாமல் வாங்கிய பேட்டரி, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஒன்று வீண் சுமையாகும், அல்லது இரண்டாம் நாள் இரவே கைவிட்டுவிடும்.

ஹவுஸ் பேட்டரி என்பது வண்டியின் எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி அல்ல; விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், மிக்ஸி என வண்டிக்குள் வாழ்வதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஓட்டுகிற தனி பேட்டரி. ஸ்டார்ட்டர் பேட்டரி சில விநாடிகளுக்குப் பெரும் மின்னோட்டத்தைத் தந்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும்படி மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. அதை இரவு முழுவதும் மெதுவாகக் காலி செய்தால் சில மாதங்களிலேயே கெட்டுவிடும். அதோடு, காலையில் வண்டியும் கிளம்பாது. ஆகவே இரண்டும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். இந்த வழிகாட்டி ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர் அளவிலான வேனில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் வார இறுதிகளில் மின் இணைப்பு இல்லாத இடங்களில் தங்குவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பஸ் சேஸியில் கட்டும் பெரிய கேரவனுக்கும் முறை இதுவே, எண்கள் மட்டும் பெரிதாகும்.

முதல் படி: ஒரு நாள் செலவை யூனிட்டில் எழுதுங்கள்

வீட்டு மின் கட்டணத்தில் வரும் அதே யூனிட்டில் கணக்கிடுவதுதான் எளிது. ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. ஒவ்வொரு கருவியின் வாட்டையும் அது ஓடும் மணி நேரத்தையும் பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 12 வோல்ட்டில் ஓடும் 45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது ஏறத்தாழ 45 வாட் எடுக்கும்; வெயில் நாளில் நேரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக அது ஓடிக்கொண்டிருக்கும் என்று கொண்டால் நாளொன்றுக்கு 500 வாட்-மணி. 20 வாட் டிசி மின்விசிறிகள் இரண்டு, இரவு பத்து மணி நேரம் ஓடினால் 400. எல்.இ.டி. விளக்குகளுக்கு 80. மூன்று கைபேசிகளுக்கு 45. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்காமல் வண்டியிலிருந்தே வேலை பார்ப்பது பெங்களூரில் வழக்கமாகிவிட்டதால், மடிக்கணினிக்கு 240, இணைய ரூட்டருக்கு 100. பம்புக்கு 20. சட்னிக்கு மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினால் 50. ஆக 1435 வாட்-மணி.

இந்தப் பட்டியலில் பலரும் எழுத மறக்கும் வரி இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. எந்தக் கருவியும் மாட்டாமல் சும்மா ஆனில் வைத்திருந்தாலே 1500 அல்லது 2000 வாட் இன்வெர்ட்டர் 15 முதல் 25 வாட் வரை தின்றுகொண்டிருக்கும். 20 வாட் என்று வைத்தாலும் 24 மணி நேரத்துக்கு 480 வாட்-மணி. அதாவது கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது ஃபிரிட்ஜ் ஒன்று ஓடுகிறது. ஆகவே நேரடியாக 12 வோல்ட்டில் ஓடக்கூடிய எதையும் இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாதீர்கள். மின்விசிறி, விளக்கு, ஃபிரிட்ஜ், பம்ப், கைபேசி சார்ஜர் அனைத்துக்கும் 12 வோல்ட் வகைகள் கிடைக்கின்றன. மிக்ஸிக்கும் மடிக்கணினிக்கும் மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு, வேலை முடிந்ததும் அணைத்துவிடும்படி படுக்கைக்கு அருகிலேயே அதற்கு ஒரு சுவிட்ச் வையுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் ஓடினால் அதன் சொந்தச் செலவு 80 வாட்-மணிக்குள் அடங்கும். பேட்டரி மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாற்றும்போது போகும் இழப்பையும் சேர்த்தால் நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் செலவு நாளுக்கு ஏறத்தாழ 1.6 யூனிட்.

இண்டக்‌ஷன் அடுப்பையும் ஏசியையும் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மொத்தக் கணக்கையும் புரட்டிப்போடுபவை அவை இரண்டும்தான். 1500 வாட் இண்டக்‌ஷனில் நாளுக்கு 40 நிமிடம் சமைத்தால் இழப்போடு சேர்த்து 1.1 யூனிட்டுக்கு மேல் கூடுதலாகும். அதைத் தாங்கும் அமைப்பைக் கட்டலாம். ஆனால் சிறு எரிவாயு அடுப்பு செய்யும் வேலைக்காக பேட்டரியை ஒன்றரை மடங்குக்கும் மேல் பெரிதாக்குகிறோம் என்பதை அறிந்தே கட்ட வேண்டும். ஏசியின் கதை வேறு. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 700 வாட்டில் எட்டு மணி நேரம் ஓடினால் இழப்பு சேர்த்து ஆறு யூனிட்டைத் தாண்டும். அவ்வளவையும் மறுநாள் வெயிலிலேயே திரும்பப் பெற 1500 வாட் அளவுக்குப் பேனல்கள் வேண்டும். 540 வாட் பேனல் ஒன்றே ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளமும் 1.1 மீட்டர் அகலமும் கொண்டது. மேல் திறப்பும் ஏசியின் வெளிப்பெட்டியும் போக, டிராவலரின் கூரையில் இத்தகைய மூன்று பேனல்களுக்கு இடம் கண்டுபிடிப்பது கடினம். மின் இணைப்பு உள்ள முகாமில் மட்டும் ஏசி, மற்ற இடங்களில் மின்விசிறியும் கொசுவலை போட்ட ஜன்னலும் என்று முடிவெடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரிலிருந்து குடகுக்கோ ஏலகிரிக்கோ போகிறவருக்கு ஏசி அவ்வளவு அவசியமும் அல்ல. ஏப்ரலில் பல்லாரி, ஹம்பிப் பக்கம் போகிறவர் மட்டும் இதை வேறுவிதமாக யோசிக்கலாம்.

இரண்டாம் படி: என்ன திரும்பி வருகிறது என்று பாருங்கள்

மின் இணைப்பு இல்லாத இடத்தில் எத்தனை நாள் தங்க முடியும் என்பதைப் பேட்டரியின் அளவை விட வரவுதான் அதிகம் தீர்மானிக்கிறது. வரவுக்கு வழிகள் மூன்று: கூரைப் பேனல், ஓடும் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், கிளம்பும் முன் வீட்டுச் சாக்கெட்.

கூரையில் படுக்கைவாட்டில் பொருத்திய 100 வாட் பேனல், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தென் கர்நாடகத்தின் தெளிந்த வானத்தில் நாளுக்கு 400 வாட்-மணியை ஒட்டித் தரும். ஆக 400 வாட் பேனல் இருந்தால் 1.6 யூனிட், செலவுக்கு வரவு சரியாக இருக்கும். அதே பேனல் ஜூலை மாதத்தில் குடகின் மழைமேகத்துக்குக் கீழே அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தராமல் போகலாம். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மர நிழலில் வண்டியை நிறுத்தினால் நல்ல வெயில் நாளிலும் வரவு மிகச் சொற்பமாகவே இருக்கும், ஏனெனில் பேனலின் ஒரு மூலையில் விழும் நிழல்கூட அதன் உற்பத்தியைப் பெருமளவு குறைத்துவிடும். வண்டிக்கு நிழலும் பேனலுக்கு வெயிலும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை என்பதால், கூரைப் பேனலோடு பத்து மீட்டர் வயரில் தரையில் வைக்கக்கூடிய ஒரு மடக்குப் பேனலையும் எடுத்துச் செல்வது நல்லது.

அடுத்தது ஓட்டம். ஆல்டர்னேட்டரின் மின்சாரத்தைச் சீராக்கி ஹவுஸ் பேட்டரிக்குத் தரும் கருவி டிசி-டிசி சார்ஜர். 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்று ஏறத்தாழ 400 வாட் வேகத்தில் பேட்டரியை நிரப்பும். மூன்று மணி நேரப் பயணத்தில் 1.2 யூனிட். வார இறுதிப் பயணிகளுக்கு மழைக்காலத்தில் நம்பகமான வரவு இதுவே. ஆனால் ஒரே இடத்தில் நான்கு நாள் நிற்பவர்களுக்கு இதனால் பயனில்லை. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி நிரப்புவது டீசலுக்கும் கேடு, அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை, மெதுவாகச் சுழலும் ஆல்டர்னேட்டருக்குப் போதிய காற்றோட்டம் இல்லாததால் அதற்கும் ஆபத்து.

மூன்றாம் படி: வரவே இல்லாத நாட்களை எண்ணுங்கள்

வார இறுதிப் பயணத்துக்கு இரண்டு நாள் என்று வைப்பது போதுமானது. அதாவது, மேகமூட்டத்தில் இரண்டு நாள் ஒரு வாட்கூட வராவிட்டாலும் ஃபிரிட்ஜ் நிற்கக் கூடாது. 1.6 யூனிட்டை இரண்டால் பெருக்கினால் 3.2 யூனிட். இது நீங்கள் உண்மையில் எடுத்துப் பயன்படுத்தும் அளவு. பேட்டரியின் மேல் அச்சிட்ட அளவு அதன் வகையைப் பொறுத்து இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

நான்காம் படி: பேட்டரியின் வகையை முடிவு செய்யுங்கள்

நம் வீடுகளில் இன்வெர்ட்டரோடு இருக்கும் டியூபுலர் பேட்டரி எல்லோருக்கும் பழக்கமானது, மலிவானது, எந்தச் சிற்றூரிலும் கிடைப்பது. அதனாலேயே “அதையே வண்டியிலும் போட்டால் என்ன?” என்ற யோசனை எழுகிறது. டியூபுலர் ஈய-அமில வகையைச் சேர்ந்தது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், 3.2 யூனிட் எடுக்க 6.4 யூனிட் அளவுள்ள பேட்டரி வேண்டும். 6400 வாட்-மணியை 12 வோல்ட்டால் வகுத்தால் அது 530 ஏ.எச்.-ஐத் தாண்டுகிறது, அதாவது 150 ஏ.எச். டியூபுலர் நான்கு. ஒவ்வொன்றும் அமிலத்தோடு 50 முதல் 60 கிலோ வரை இருக்கும், ஆக 200 கிலோவுக்கு மேல். வண்டிக்குப் பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடை வரம்பில் தண்ணீர்த் தொட்டி, கட்டில், சமையல் மேடை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே பெரும்பங்கு போயிருக்கும்போது, இந்த எடையை எங்கே வைப்பது?

எடையை விடவும் பெரிய சிக்கல் இரண்டு உண்டு. ஒன்று, சார்ஜ் ஆகும்போது திறந்த வகை ஈய பேட்டரிகளிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. குடும்பம் தூங்கும் அதே பெட்டிக்குள், எரிவாயு அடுப்புக்கு அருகில், அதற்கு இடமில்லை. மற்றொன்று, ஈய பேட்டரியின் கடைசி இருபது சதவீதம் மிக மெதுவாகவே நிரம்பும். எவ்வளவு பெரிய சார்ஜர் போட்டாலும் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். வெயில் தாழ்வதற்குள் அது நிரம்பி முடிவதில்லை, மறுநாளும் முடிவதில்லை. முழுதாக நிரம்பாமலே ஓடும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகி, கொள்ளளவு மாதத்துக்கு மாதம் சுருங்கும். வீட்டில் பெஸ்காம் மின்சாரம் எந்நேரமும் நிரப்பிக்கொண்டே இருப்பதால் அதே பேட்டரி நன்றாக உழைக்கிறது. வண்டியில் அந்த வாய்ப்பு அதற்குக் கிடைப்பதில்லை.

ஈய வகையிலேயே மூடியதான ஏ.ஜி.எம். பேட்டரியில் அமிலம் சிந்தாது, வாயுத் தொல்லையும் மிகக் குறைவு. ஆனால் பாதி மட்டுமே எடுக்கலாம் என்ற வரம்பும் மெதுவாக நிரம்பும் குணமும் அதற்கும் உண்டு, 100 ஏ.எச். ஒன்றின் எடை 30 கிலோவை ஒட்டியிருக்கும். ஆண்டுக்கு நான்கைந்து முறை மட்டும் வெளியே போய், பெரும்பாலும் மின் இணைப்புள்ள முகாம்களில் தங்குபவருக்கு அது போதும்.

மற்ற எல்லோருக்கும் என் பரிந்துரை லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது கடைகளில் எல்.எஃப்.பி. என்று சொல்லப்படும் வகை. இந்த மூலப்பொருளை பேட்டரிக்குப் பயன்படுத்துவது பற்றி 1997-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுவில் பேராசிரியர் ஜான் குடினஃபுடன் இருந்த அக்ஷய பாதி (Padhi), நஞ்சுண்டசாமி இருவரும் இந்திய வம்சாவளியினர் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. எல்.எஃப்.பி.யில் அச்சிட்ட அளவின் 80 முதல் 90 சதவீதத்தைத் தயங்காமல் எடுக்கலாம். 80 சதவீதம் எடுத்து நிரப்புவதை நல்ல செல்கள் 2000 முதல் 4000 முறை வரை தாங்கும். போட்ட மின்சாரத்தில் 95 சதவீதத்தை ஒட்டித் திருப்பித் தரும். ஈயத்தில் அது 80, 85-தான். நம் கணக்கில் 3.2 யூனிட்டை 0.85-ஆல் வகுத்தால் 3.76 யூனிட், 12.8 வோல்ட்டில் அது 294 ஏ.எச். ஆகவே 300 ஏ.எச். பேட்டரி ஒன்று, எடை ஏறத்தாழ 30 முதல் 35 கிலோ. நான்கு டியூபுலர் பேட்டரிகளின் வேலையை ஓர் ஐம்பது கிலோ அரிசி மூட்டை எடைகூட இல்லாத ஒரு பெட்டி செய்துவிடுகிறது.

லித்தியம் என்றாலே தீப்பிடிக்கும் என்ற அச்சம் மின் ஸ்கூட்டர் விபத்துச் செய்திகளால் வந்தது. எல்லா லித்தியமும் ஒன்றல்ல. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த என்.எம்.சி. செல்கள் அளவுக்கு மீறிச் சூடாகும்போது அவற்றுள்ளிருந்தே ஆக்சிஜன் வெளிப்பட்டுத் தீயை வளர்க்கும். எல்.எஃப்.பி.யில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் வலுவாகப் பிணைந்திருப்பதால் அது எளிதில் நடப்பதில்லை. ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. மோசமாக இணைத்த எந்த பேட்டரியும் தீ விபத்தில் முடியலாம். ஆனால் பழைய ஸ்கூட்டர்களிலிருந்து கழற்றிய என்.எம்.சி. செல்களை மலிவாகக் கட்டித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பாதுகாப்பு ஒருபுறமிருக்க, மூன்று என்.எம்.சி. செல்களைத் தொடராகச் சேர்த்தால் 11 வோல்ட், நான்கு சேர்த்தால் நிரம்பிய நிலையில் 16.8 வோல்ட் என்பதால், 12 வோல்ட் கருவிகளுக்கு அது எப்படியும் பொருந்தாது. 3.2 வோல்ட் எல்.எஃப்.பி. செல்கள் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட் தருவது இங்கே வசதியாக அமைந்துவிட்டது.

விலையை ஒப்பிடும்போது பெட்டியின் விலையைப் பார்க்காதீர்கள். பயன்படுத்தக்கூடிய யூனிட்டையும் அது தாங்கும், எடுத்து நிரப்பும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, விலையை அதனால் வகுத்து, ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு ரூபாய் விழுகிறது என்று பாருங்கள். கடைக்காரர் தரும் விலைப்பட்டியலில் இதை நீங்களே ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

ஐந்தாம் படி: 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா?

இன்வெர்ட்டர் 2000 வாட்டுக்குள் என்றால் 12. இண்டக்‌ஷன், ஏசி என்று போனால் 24. காரணம் மின்னோட்டம்தான். 2000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 180 ஆம்பியருக்கு மேல் ஓடும், 24-இல் அதில் பாதி. பஸ் சேஸிகளில் வண்டியின் மின்னமைப்பே பெரும்பாலும் 24 வோல்ட் என்பதால் அங்கே இதில் குழப்பமில்லை.

ஆறாம் படி: பி.எம்.எஸ். பற்றிக் கேளுங்கள்

எல்.எஃப்.பி. பெட்டிக்குள் செல்களைக் காவல் காக்கும் மின்னணுப் பலகைக்கு பி.எம்.எஸ். என்று பெயர். பேட்டரியின் தரத்தில் பாதி செல், மீதி இதுதான். விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள் சில உண்டு.

தொடர்ந்து எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பது முதலாவது. 300 ஏ.எச். என்று அச்சிட்டு உள்ளே 100 ஆம்பியர் பி.எம்.எஸ். வைத்திருந்தால், அதிலிருந்து 1280 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது; 1500 வாட் இன்வெர்ட்டரில் மிக்ஸியும் கெட்டிலும் ஒன்றாக ஓடும் நொடியில் வண்டி முழுதும் இருண்டுவிடும். மோட்டார் உள்ள கருவிகள் கிளம்பும்போது சில மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதையும் நினைவில் வைத்து, 150 அல்லது 200 ஆம்பியர் தாங்கும் பலகையைக் கேளுங்கள். சார்ஜ் மின்னோட்ட வரம்பு தனியாக இருக்கும். பேனல், ஆல்டர்னேட்டர் இரண்டும் ஒரே நேரத்தில் தரும் மொத்தம் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்தது குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே எல்.எஃப்.பி.யை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். அந்தக் குளிரில் எடுப்பதற்குத் தடையில்லை, நிரப்பத்தான் கூடாது. தென்னிந்தியாவில் இதற்கு என்ன தேவை என்று தோன்றலாம். ஜனவரியில் ஊட்டியின் புல்வெளிகளில் உறைபனி படிவதைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். பேட்டரி வண்டிக்குள் இருந்தால் ஊட்டியில் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. ஸ்பிதி, லடாக் போகும் எண்ணம் இருந்தால் சூடேற்றும் பட்டை உள்ள பேட்டரியாகவே வாங்குங்கள்.

நம் ஊரில் உண்மையான எதிரி வெப்பம். மூடி வைத்த வண்டி ஏப்ரல் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் பி.எம்.எஸ். வேலையை நிறுத்துவது ஒருபுறம், முழுதாக நிரம்பிய நிலையில் தொடர்ந்து சூட்டில் கிடந்தால் செல்லின் ஆயுளும் சத்தமில்லாமல் கரைகிறது.

ஏழாம் படி: பெங்களூரில் வாங்குவது

எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் சாதர் பத்ரப்பா சாலையில் செல், பி.எம்.எஸ்., வயர், வயரின் முனையில் மாட்டும் உலோக வளையமான லக் அனைத்தும் சில்லறையாகக் கிடைக்கும். பேரம் பேசத் தமிழே போதும் என்பது பல கடைகளில் கூடுதல் வசதி. வண்டி மின் உதிரிகளுக்கு ஜே.சி. ரோடு. ஆயத்த பேட்டரி கட்டித் தரும் சிறு பட்டறைகளைப் பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் விசாரிக்கலாம். எங்கே வாங்கினாலும், செல்லின் மேலுள்ள கியூ.ஆர். குறியீடு சுரண்டப்பட்டிருந்தாலோ, முனைகளில் ஏற்கெனவே பற்றவைத்துச் சீவிய தடம் இருந்தாலோ, புதிய நீல உறை போர்த்திய பழைய செல்லாக இருக்கலாம்.

பணம் முழுவதையும் கொடுப்பதற்கு முன் கொள்ளளவுச் சோதனை ஒன்றைக் கேட்பது உங்கள் உரிமை. நிரம்பிய 300 ஏ.எச். பேட்டரியிலிருந்து 60 ஆம்பியர் வீதம் எடுத்தால் ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். நான்கு மணி நேரத்தில் நின்றுவிட்டால் நீங்கள் வாங்குவது 240 ஏ.எச். பேட்டரி. சோதனைச் சான்றுகளில், தொழில்துறை லித்தியம் பேட்டரிகளுக்கான ஐ.இ.சி. 62619, கொண்டுசெல்லும் பாதுகாப்புக்கான யு.என். 38.3 ஆகியவற்றைக் கேளுங்கள். ஏ.ஐ.எஸ். 156 என்று சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். அது மின் வாகனங்களை ஓட்டும் பேட்டரிகளுக்கானது, இருந்தால் நல்லதுதான், ஆனால் உங்கள் தேவைக்கு எழுதப்பட்டதல்ல. உத்தரவாத அட்டையில், வாகனத்தில் பொருத்தினால் செல்லாது என்ற வரி ஒளிந்திருக்கிறதா என்பதைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். பில் இல்லாமல் சற்று மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

எட்டாம் படி: பொருத்துதல்

பேட்டரியைச் சக்கர அச்சுக்கு அருகில், தரையோடு ஒட்டி, வண்டியின் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். பெல்ட்டால் கட்டி வைப்பது மலைப்பாதை வளைவுகளில் போதாது. திடீரென்று பிரேக் போட்டால் 35 கிலோ பெட்டி பறந்து வந்து மோதும் என்பதை மனத்தில் வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வயரின் கனத்தில் சிக்கனம் பார்ப்பதுதான் நான் பட்டறைகளில் அதிகம் காணும் குறை. 1500 வாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் ஓடும்போது 136 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்றால், போக வர நான்கு மீட்டர் செம்பு. அதை 16 சதுர மி.மீ. வயரில் இழுத்தால் 0.6 வோல்ட் வழியிலேயே தொலையும். 80 வாட் வெப்பம் வயரிலேயே எரியும். 50 சதுர மி.மீ. வயரில் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். இன்வெர்ட்டரை பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவந்தால் செலவும் குறையும், இழப்பும் குறையும். லக்குகளைச் சுத்தியலால் தட்டாமல், ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள்.

ஃப்யூஸ் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் ஃப்யூஸுக்கு முன்னால் உள்ள வயரைக் காக்க எதுவும் இல்லை. எல்.எஃப்.பி.யின் உள்தடை மிகக் குறைவு என்பதால் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃப்யூஸ் உருகிய பிறகும் நடுவில் தீப்பொறி தொடர்ந்து எரியக்கூடும். அதைத் துண்டிக்கும் திறனுள்ள கிளாஸ்-டி (Class T) வகை ஃப்யூஸ் விலை அதிகம்தான், ஆனால் இந்த ஓர் இடத்தில் வேறெதையும் நான் ஏற்கமாட்டேன். அதற்கு அடுத்து, கையால் திருப்பி அணைக்கும் முதன்மைச் சுவிட்ச் ஒன்று.

ஒன்பதாம் படி: சார்ஜ் அமைப்புகள்

ஸ்டார்ட்டர் பேட்டரியையும் எல்.எஃப்.பி.யையும் ஒரு ரிலே வழியாக நேரடியாக இணைக்கும் பழைய முறை இங்கே ஆகாது. எல்.எஃப்.பி. கொடுப்பதையெல்லாம் விழுங்கும்; ஆல்டர்னேட்டர் தாங்காமல் சூடாகிக் கருகும். பி.எஸ். 6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கிக்கொள்வதால் பேட்டரி ஒழுங்காக நிரம்பவும் நிரம்பாது. ஆகவே டிசி-டிசி சார்ஜர் கட்டாயம்; சாவி போட்டால் மட்டும் அது இயங்கும்படி இக்னிஷன் வயரோடு இணைக்க வேண்டும்.

பேனல் சார்ஜர், டிசி-டிசி, வீட்டுச் சாக்கெட்டில் மாட்டும் சார்ஜர் மூன்றிலும் உச்ச மின்னழுத்தத்தை 14.2 முதல் 14.4 வோல்ட்டுக்குள்ளும், நிரம்பிய பின் நிலைநிறுத்தும் மின்னழுத்தமான ஃப்ளோட்டை 13.5-ஐ ஒட்டியும் வையுங்கள். ஈய பேட்டரிக்கான ஈக்குவலைஸ், வெப்பநிலை ஈடு ஆகிய இரண்டையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் கிடந்த பழைய இன்வெர்ட்டரை வண்டியில் மாட்ட நினைப்பவர்கள், அதில் லித்தியம் அமைப்பு இருக்கிறதா என்றும், அது சைன் வேவ் வகையா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் மிக்ஸி உறுமும், சூடாகும்.

மீதி எவ்வளவு என்பதை வோல்ட்மீட்டரை வைத்து அறிய முடியாது. ஈய பேட்டரி ஓய்வில் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. எல்.எஃப்.பி.யோ பெரும்பகுதியை 13.3-க்கும் 13.0-க்கும் நடுவிலேயே கழித்துவிட்டு, கடைசியில் சட்டென்று சரியும். எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்க உதவும் ஷன்ட் பொருத்தி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் மானிட்டர்தான் நம்பகமானது. எல்லா எதிர்முனை இணைப்புகளும் அந்த ஷன்டைத் தாண்டியே பேட்டரிக்குப் போக வேண்டும். ஒன்று தப்பினாலும் கணக்கு பிசகும்.

பத்தாம் படி: பேஸ்மென்டில் நிற்கும் மாதங்கள்

பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேரவன் வைத்திருப்பவரின் வண்டி ஆண்டின் பெரும்பகுதி பேஸ்மென்டிலோ சுற்றுச்சுவர் நிழலிலோதான் நிற்கும். அங்கே கூரைப் பேனலால் பயனில்லை; புகை எச்சரிக்கைக் கருவி, மானிட்டர், பி.எம்.எஸ். என்று சிறு சிறு செலவுகள் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். ஈய பேட்டரியானால் முழுதாக நிரப்பியே வைக்க வேண்டும். எல்.எஃப்.பி.க்கு நேர்மாறு: 50 முதல் 60 சதவீதத்தில் விட்டு, முதன்மைச் சுவிட்சை அணைத்து, மாதம் ஒருமுறை மானிட்டரைப் பார்த்தால் போதும். பயணத்துக்கு முதல் நாள் இரவு 16 ஆம்பியர் சாக்கெட்டில் சார்ஜரை மாட்டி நூறு சதவீதம் நிரப்பினால், செல்கள் தங்களுக்குள் சமப்படுத்திக்கொள்ளவும் வாய்ப்புக் கிடைக்கும். பொதுச் சாக்கெட்டைப் பயன்படுத்த சங்கத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கி, அதற்கெனச் சிறு மீட்டர் ஒன்றும் வைத்துவிட்டால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

வேலை முடிந்ததும் நேராக ஹம்பிக்குக் கிளம்பிவிடாதீர்கள். குடியிருப்பின் வாகன நிறுத்தத்திலேயே ஓர் இரவு எல்லோரும் வண்டிக்குள் படுத்து, ஃபிரிட்ஜை நிரப்பி, மின்விசிறிகளை ஓட்டி, மறுநாள் காலை சட்னியும் அரைத்துப் பாருங்கள். மானிட்டர் காட்டும் செலவையும் முதல் படியில் எழுதிய தாளையும் ஒப்பிட்டால், வித்தியாசம் பெரும்பாலும் ஃபிரிட்ஜிலோ அணைக்க மறந்த இன்வெர்ட்டரிலோ இருக்கும். அதே இரவில், முழு பாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு லக்கையும் ஃப்யூஸ் உறையையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வயரை விட முனை அதிகமாகச் சூடாகியிருந்தால், அந்த கிரிம்பை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்ட பிறகே வண்டியை எடுங்கள்.